பக்குவத்தை அளப்பது எப்படி: கேள்வித்தாளா, கற்பனைச் சிக்கலா?

வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மனத்தாங்கல் வந்தால் இரு பக்கமும் உட்கார்ந்து கேட்பதற்கென்று எங்கள் ஊரில் ஒரு சின்னக் குழு நடத்துகிறோம். போன வருஷம் புதிதாக ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. 11 பேர் வந்தார்கள். படிப்பும் வேலை அனுபவமும் விண்ணப்பத்திலேயே தெரிந்துவிடும், பக்குவம் தெரியாது. அதைப் பார்க்க இரண்டு முறைகளை முயன்று, இப்போது இரண்டாவதை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

முதலாவது கேள்வித்தாள். சமூகவியலாளர் மோனிகா ஆர்டெல்ட் 2003இல் வெளியிட்ட முப்பரிமாண ஞான அளவுகோலில் 39 வாக்கியங்கள் இருக்கின்றன. புரிந்துகொள்ளும் திறன், தன்னையே திரும்பிப் பார்ப்பது, பிறர் மேல் பரிவு என்று மூன்று பக்கங்களை அது தொடுகிறது. வாக்கியம் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று அவரவரே குறித்துக் கொடுத்தால் போதும். செலவில்லை, சீக்கிரம் முடிந்துவிடும்.

இரண்டாவது, பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் பால் பால்டெஸ், உர்சுலா ஸ்டௌடிங்கர் முதலானவர்கள் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த முறை. கற்பனையான ஒருவரின் சிக்கலைச் சொல்லி, ‘இதில் எதையெல்லாம் யோசிக்க வேண்டும், என்ன செய்யலாம்?’ என்று கேட்டு, வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். வாழ்க்கையைப் பற்றிய அறிவு, வழிமுறை தெரிந்திருப்பது, சூழலையும் காலத்தையும் கணக்கில் எடுப்பது, மதிப்பீடுகள் ஆளுக்கு ஆள் மாறும் என்ற உணர்வு, எதுவும் நிச்சயமில்லை என்று தெரிந்தும் முடிவெடுப்பது என்று ஐந்து கோணங்களில் 7 வரை மதிப்பெண் உண்டு.

எங்களை இரண்டாவதன் பக்கம் சாய்த்தது ஒரே காரணம்தான். கேள்வித்தாளில் ஒருவர் தனக்குத் தானே சாட்சி சொல்கிறார். நாம் தேடும் குணமோ தன் மேலேயே கொஞ்சம் சந்தேகம் வைத்திருக்கும் குணம். எதிராளியின் இடத்தில் நின்று பார்ப்பேன் என்று பளிச்சென்று குறிக்க யாருக்குக் கை வரும்? அப்படி நின்று பார்த்துத் தோற்ற அனுபவம் இல்லாதவருக்கு உடனே வரும். தோற்றவர் பேனாவை எடுத்துவிட்டுத் தயங்குவார். வந்தவர்களில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பல இடங்களில் நடுவிலேயே குறித்திருந்தார். ஓரத்தில் பென்சிலால், ‘ஆளைப் பொறுத்தது’ என்று எழுதியும் வைத்திருந்தார். கூட்டிப் பார்த்தால் கீழிருந்து மூன்றாவது இடம்.

அப்புறம் அவரிடம் பெர்லின்காரர்களின் பழைய சிக்கல் ஒன்றைச் சொன்னோம். 15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள். மற்றவர்கள் பெரும்பாலும், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 18க்கு முன் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்ய வேண்டும் என்று அரை நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். தப்பே இல்லை. இவரும் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. “உடனே என்கிறாளே, அந்த அவசரம் எங்கேயிருந்து வருது? வீட்டில் அவளால் இருக்க முடியலையா? கல்யாணத்தைத் தடுத்துட்டு மறுபடி அதே வீட்டுக்குத்தானே அனுப்பப் போறோம்? அம்மா இருக்காங்களா, யார்கிட்டயாவது பேசுவாளா, அதை முதலில் கேட்பேன்.” பதிவைத் திரும்பக் கேட்ட இருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டோம். இரண்டு பேருமே அவருக்குத்தான் அதிகம் போட்டிருந்தோம்.

இந்த முறையில் வேலை அதிகம். பெர்லினில் ஒவ்வொரு கோணத்துக்கும் பயிற்சி பெற்ற இருவர் மதிப்பிடுவார்கள். நாங்கள் இருவரே எல்லாவற்றையும் பார்த்தோம், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. சரளமாகப் பேசுகிறவருக்குக் கூடுதலாக விழுந்திருக்குமோ என்ற உறுத்தலும் இருக்கிறது. 11 பேரை வைத்து இதற்கு மேல் நான் அடித்துச் சொல்லத் துணியவில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இப்படி அளப்பது அறிவைத்தான், ஆளை அல்ல என்று ஆர்டெல்ட் சொல்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. உளவியலாளர்கள் ஈகோர் குரோஸ்மனும் ஈதன் கிராஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்கள் சிக்கலைவிட அடுத்தவர் சிக்கலை நிதானமாக யோசிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆக, கற்பனைப் பெண்ணுக்கு அழகாக வழி சொன்னவர் சொந்த மகளிடம் எப்படி இருப்பார் என்பதை இந்தப் பதிவு காட்டாது. எங்கள் குழுவில் உட்காருபவர் கேட்கப்போவது அடுத்தவர் சிக்கலை என்பதால் இந்தக் குறையோடு எங்களால் ஒத்துப்போக முடிகிறது. மருமகளைத் தேடுகிறவருக்கு இது சரிப்படாது.

இந்த வருஷம் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பேசும் முன் மனசுக்குள் இன்னொருவரோடு கலந்து யோசித்தாலே பதில் நன்றாக மேம்படுகிறது என்று ஸ்டௌடிங்கரும் பால்டெஸும் 1996இல் காட்டியிருக்கிறார்கள். அதனால் சிக்கலைச் சொன்னதும், நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் இதை மனசுக்குள் கேட்டுப் பாருங்கள் என்று ஐந்து நிமிடம் விடுகிறோம். போன வாரம் வந்த ஒரு இளைஞர் அந்த ஐந்து நிமிடமும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்ததும், “எங்க ஆத்தா இதுக்குப் பதிலே சொல்லலைங்க, என்னையத்தான் நாலு கேள்வி கேட்டுச்சு” என்றார். அந்த நாலு கேள்வியையும் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டோம்.