கருவிழித் தையல்: விட்டுவைப்பதா, எடுப்பதா?

கருவிழி மாற்று அறுவையில் போடும் நைலான் தையல் தலைமுடியைவிட மெல்லியது. பார்வை தெளிவாக இருந்தால் விட்டுவைக்கலாம். கண்ணாடி பவர் பெரிதாக மாறாது. ஆனால் வருடக்கணக்கில் நைலான் நைந்து அறுந்துபோகும். உறுத்தல், சிவப்பு, நீர்வடிதல் வந்தால் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள். அறுந்த முனை கிருமித்தொற்றுக்கு வாசல். மாற்றிய கருவிழியை உடல் நிராகரிக்கவும் அது காரணமாகலாம்.

எடுத்தாலோ, பார்வையே மாறும். இறுக்கமான தையல் இழுத்துப் பிடித்திருந்த வளைவு தளர்ந்து, எழுத்துகளைச் சுற்றிய நிழல் குறையலாம். சிலருக்கு நேர்மாறாக, சிதறல் பார்வை (வளைவு சீராக இல்லாததால் உருவம் கலங்கித் தெரிவது) கூடிவிடும். முன்கூட்டிச் சொல்வது கடினம். அதனால், கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம் எடுத்துப் பார்த்து, ஒன்றிரண்டாக நீக்குவதே நல்லது என்பேன். வளைவு நிலைக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை புதுக் கண்ணாடி வாங்க வேண்டாம். கண்ணாடியிலும் தெளியாத பார்வைக்குக் கடின கான்டாக்ட் லென்ஸ் பெரும்பாலும் கைகொடுக்கும்.