பீஸ் வாக்கர்: இரண்டாவது ஸ்டிக் இல்லாத குறை

பிஎஸ்பிக்கு (சோனியின் பழைய கையடக்க கேம் மெஷின்) அனலாக் (கட்டைவிரலால் சாய்த்து ஆளை நகர்த்தும் குட்டி ஸ்டிக்) மாற்றியதை நண்பர்கள் குழுவில் சொன்னதும் ஒருவன் உடனே கேட்டான்: “மச்சி, எனக்கும் ஒரு பழைய பிஎஸ்பி வருது. பீஸ் வாக்கர் விளையாடுறதுக்காகவே வாங்கலாமா?” வேண்டாம் என்றேன். என்னிடம் இருக்கும் கேம்களில் நான் அதிகம் விளையாடியது அதுதான் என்பது அவனுக்குத் தெரியும். அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். பதில் கொஞ்சம் நீளம்.

எதிரிக்குத் தெரியாமல் மறைந்து போய் வேலையை முடிக்கும் ராணுவ கேமான ‘மெட்டல் கியர் சாலிட்: பீஸ் வாக்கர்’ 2010-இல் வந்தது. கதை, கிராஃபிக்ஸ் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. இத்தனை வருடம் விளையாடியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: குறி வைப்பது.

பிஎஸ்பியில் ஒரே ஒரு அனலாக். அது நடப்பதற்குப் போய்விடும். சுற்றிப் பார்க்கவும் குறி வைக்கவும் வலது பக்கத்தில் மிச்சம் இருப்பவை டிரையாங்கிள், சர்க்கிள், எக்ஸ், ஸ்கொயர். ‘ஷூட்டர் டைப்’ என்ற கட்டுப்பாட்டு முறையில் இந்த நான்கும்தான் கதாநாயகன் ஸ்நேக்கின் கண்கள். டிரையாங்கிள் மேலே, எக்ஸ் கீழே, ஸ்கொயர் இடது, சர்க்கிள் வலது. மேல் விளிம்பில் இருக்கும் எல் பட்டனை அழுத்தினால் துப்பாக்கி உயரும், ஆர் அழுத்தினால் சுடும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் மெதுவாகத் தள்ளுகிறோமா வேகமாகத் தள்ளுகிறோமா என்பது பட்டனுக்குத் தெரியாது. அழுத்தினால் நகரும், விட்டால் நிற்கும், அவ்வளவுதான். தூரத்தில் நிற்கும் காவலனின் தலை 4.3 அங்குலத் திரையில் ஒரு புள்ளி. குறியை அதன் மேல் கொண்டுபோக ஸ்கொயரைத் தட்டினால் தாண்டிப் போகிறது. சர்க்கிளைத் தட்டினால் திரும்பவும் தாண்டுகிறது. இப்படி இரண்டு பட்டனுக்கும் நடுவில் கட்டைவிரல் அலைந்துகொண்டிருக்கும்போதே அவன் திரும்பிப் பார்த்துவிடுவான்.

குறுக்காக நகர்த்துவது இன்னும் கொடுமை. மேல்-இடது வேண்டுமென்றால் டிரையாங்கிளையும் ஸ்கொயரையும் ஒரே கட்டைவிரலால் சேர்த்து அழுத்த வேண்டும். கிரிசாலிஸ் என்ற பறக்கும் இயந்திரத்தோடு நடக்கும் சண்டை முழுவதும் இப்படித்தான். அது வானத்தில் வளைந்து வளைந்து பறக்கும், நாம் விரலைப் படுக்கப் போட்டு இரண்டு பட்டனையும் தேய்த்துக்கொண்டே பின்னால் துரத்த வேண்டும். அது ரயில்கன்னை (மின்காந்தப் பீரங்கி) சார்ஜ் செய்ய ஆரம்பித்தால் ஓடி மறைய வேண்டும். மறைந்துவிட்டுத் திரும்பினால் அது வேறு மூலையில் இருக்கும். தனியாக அந்தச் சண்டையை முடித்த ஒவ்வொரு முறையும் எனக்கு வலது கட்டைவிரலின் அடி எலும்பு வலித்திருக்கிறது.

இடது கைக்கும் நிம்மதி கிடையாது. குனிவது, ஆயுதம் மாற்றுவது, பொருள் எடுப்பது எல்லாம் டி-பேடில் (இடது பக்கத்தில் இருக்கும் நான்கு திசைப் பட்டன்கள்) இருக்கின்றன. டி-பேடைத் தொட வேண்டுமானால் அனலாக்கை விட வேண்டும். அதாவது, ஆபத்து வந்ததும் ஓடிக்கொண்டே ராக்கெட் லாஞ்சரை எடுக்க வழியில்லை. நின்று, எடுத்து, மறுபடி ஓட வேண்டும். மற்ற இரண்டு முறைகளும் எனக்கு உதவவில்லை. ‘ஹண்டர் டைப்’பில் கேமரா டி-பேடுக்குப் போய்விடும். இடது கட்டைவிரல் அனலாக்கிலும் ஆள்காட்டி விரல் வளைந்து டி-பேடிலும் இருக்கும்படி நண்டுப் பிடி பிடிக்க வேண்டும். ‘மான்ஸ்டர் ஹண்டர்’ விளையாடிப் பழகியவர்களுக்கு அது சரிப்படும். என் விரல்களுக்குச் சரிப்படவில்லை.

இது இந்த ஒரு கேமின் குறை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே மெஷினில் வந்த ‘சைஃபன் ஃபில்டர்: டார்க் மிரர்’ (2006) இதே நான்கு பட்டனில்தான் குறி வைக்கச் சொன்னது. ‘சோகாம்: ஃபயர்டீம் பிராவோ’ (2005) எதிரியைத் தானே லாக் செய்து கொடுத்துத் தப்பித்துக்கொண்டது. ஆளாளுக்கு ஒரு வழி தேடினார்கள். இல்லாத ஸ்டிக்கை யாராலும் கொண்டுவர முடியவில்லை.

அப்படியும் ஏன் இத்தனை காலம் விடாமல் விளையாடினேன் என்றால், கையில் பிடித்து விளையாடும் மெஷினுக்கு எது பொருந்தும் என்பதை இந்த அளவுக்கு யோசித்துச் செய்த வேறு ராணுவ கேமை நான் பார்த்ததில்லை. டிவியில் விளையாடும் முந்தைய மெட்டல் கியர் கேம்கள் எல்லாம் ஒரே நீளமான பயணம். இதில் அதைச் சின்னச் சின்ன மிஷன்களாக வெட்டிவிட்டார்கள். பஸ் வருவதற்குள் ஒன்றை முடிக்கலாம். முடித்ததும் கரீபியன் கடலில் இருக்கும் நம் படைத்தளமான மதர் பேஸுக்குத் திரும்பி, பிடித்து வந்த ஆட்களை வேலைக்கு அமர்த்தலாம். ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் பேர், மருத்துவத்துக்குக் கொஞ்சம் பேர், சமையலுக்குக் கொஞ்சம் பேர். சமையலில் ஆள் குறைந்தால் மொத்தப் படையின் மனநிலையும் இறங்கும். நல்ல சமையல்காரன் ஒருவன் கிடைத்துவிட்டால் எனக்கு வரும் சந்தோஷம் புதுத் துப்பாக்கி கிடைத்தால்கூட வராது.

ஆட்களைப் பிடிப்பதுதான் இதில் உச்சம். காவலனின் பின்னால் சத்தமில்லாமல் போய்த் துப்பாக்கியை நீட்டினால் கையைத் தூக்குவான். படுக்கவைத்து ஃபுல்டன் பலூனை மாட்டினால் அலறிக்கொண்டே வானத்துக்குப் போவான். அடுத்த மிஷனுக்குள் அவன் நம் ஆள். பின்னால் போவதற்கு அனலாக்கை இலேசாகச் சாய்க்க வேண்டும். அதிகம் சாய்த்தால் ஸ்நேக் ஓடுவான், காலடிச் சத்தம் கேட்டுவிடும். என் பழைய அனலாக் இந்த இடத்தில்தான் கைவிட்டது. இலேசாகச் சாய்த்தால் அசைவில்லை, இன்னும் கொஞ்சம் தள்ளினால் திடீரென்று ஓட்டம். சென்னை ரிச்சி தெருவில் பாகம் கிடைத்தது. மேல் மூடியைக் கழற்றினால் அனலாக்கின் அடியில் மின்சாரம் கடத்தும் ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கும், அதன் வழியாகத்தான் போர்டுக்குத் தொடர்பு. அது தேய்ந்தாலோ அழுக்கு சேர்ந்தாலோ இப்படி ஆகும். மாற்றிக் கொடுத்தவர் பழையதையும் கையில் கொடுத்துக் காட்டினார். புதியது இறுக்கமாக இருக்கிறது, மெதுநடை துல்லியமாக வருகிறது. முதல் இரவே ஒரு முகாம் முழுவதையும் ஒருவருக்கும் தெரியாமல் காலி செய்தேன். குறி வைக்கும் வேதனை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மாற்ற பாகம் இல்லையே.

கதையைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. களம் 1974-இன் கோஸ்டா ரிக்கா. நிஜத்திலேயே அந்த நாடு 1948-இல் ராணுவத்தைக் கலைத்து, அடுத்த வருடம் அரசியலமைப்பிலும் எழுதி வைத்தது. ராணுவமே இல்லாத நாட்டுக்குள் அடையாளம் தெரியாத ஆயுதப் படை ஒன்று நுழைந்திருக்கிறது, காப்பாற்று என்று அமைதிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர் கூலிப்படைத் தலைவனான ஸ்நேக்கிடம் வந்து நிற்கிறார். (அந்தப் பல்கலைக்கழகமும் நிஜம்தான், ஆனால் 1980-இல் தொடங்கியது. கதைக்காக முன்னால் இழுத்திருக்கிறார்கள்.) பக்கத்து நிகராகுவாவின் சான்டினிஸ்டா போராளிகள் வருகிறார்கள், கெட்சால் பறவையின் குரலைப் பதிவு செய்யப் போன பிரெஞ்சுப் பெண் ஒருத்தி வருகிறாள். எல்லாவற்றையும் கேசட் டேப்புகளாகப் போட்டுக் கேட்கலாம். கதை வேண்டுபவர் கேட்கலாம், வேண்டாதவர் அடுத்த மிஷனுக்குப் போகலாம். ஹெட்போனில் இந்த டேப்புகளைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போன இரவுகள் எனக்கு நிறைய உண்டு.

மறைந்து போகும் மிஷன்களில் குறி வைக்கும் பிரச்சினை அவ்வளவாகத் தலைகாட்டாது. நேரம் நம் கையில் இருக்கும். ஆனால் டேங்க், ஹெலிகாப்டர், செயற்கை அறிவு இயந்திரங்கள் என்று வரும் சண்டைகளில் ஒளிய இடமே கிடையாது. டேங்க் சண்டையில் அருமையான ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கூட வரும் காவலர்களை ஒவ்வொருவராக வீழ்த்தினால் கடைசியில் கமாண்டர் மூடியைத் திறந்து தலை நீட்டுவான். அவனை மயக்க ஊசியால் அடித்தால் டேங்க் சேதமில்லாமல் நமக்கு. யோசனை பிரமாதம். நிறைவேற்றுவதற்கு அந்தத் தலையில் குறி நிற்க வேண்டுமே! மேலே ஒரு தட்டு, இடது பக்கம் ஒரு தட்டு, தாண்டிவிட்டது, வலது பக்கம் ஒரு தட்டு, அதற்குள் டேங்க் குண்டு வந்து விழுந்தாயிற்று.

இந்தச் சண்டைகள் தனி ஆளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பது எனக்குப் புரிந்தது என் சித்தப்பா மகன் அவனுடைய பிஎஸ்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான். வழக்கமான மிஷன்களில் இரண்டு பேர், பெரிய இயந்திரச் சண்டைகளில் நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம். அதில் ‘ஸ்நேக் ஃபார்மேஷன்’ என்று ஒன்று உண்டு. ஒருவரோடு ஒருவர் இணைந்துகொண்டால் முன்னால் போகிறவர் நடக்க, பின்னால் இருப்பவர் தானாகவே கூடப் போவார். அவர் நடப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், குறி வைத்துச் சுட்டால் போதும். தம்பி ஓடினான், நான் சுட்டேன். அனலாக்கை நான் தொடவே இல்லை. இடது கை டி-பேடுக்குப் போய் நிதானமாக ஆயுதம் மாற்றியது, வலது கட்டைவிரலுக்கு அவசரம் போயிற்று. தனியாக ஆடும்போது ஒரு மணி நேரம் இழுப்பது போலத் தோன்றிய அதே கிரிசாலிஸ் சண்டை பாட்டும் சிரிப்புமாக ஓடிப்போனது. நான் விழுந்தால் அவன் வந்து உயிர் கொடுப்பான், அவனுக்குத் தோட்டா தீர்ந்தால் நான் கொடுப்பேன். ஒருவருக்கு இரண்டு ஸ்டிக் இல்லை என்ற குறையை ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துத் தீர்த்திருக்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் இதை நினைத்துத்தான் செய்தார்களா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என் கையில் இந்தக் கேம் முழுமையாக இயங்கியது அந்த நாட்களில் மட்டும்தான்.

ஆனால் அதற்கு இரண்டு பிஎஸ்பி, இரண்டு டிஸ்க், பக்கத்தில் உட்கார ஓர் ஆள், எல்லாம் வேண்டும். பிஎஸ்பியில் இது அட்-ஹாக் (பக்கத்தில் இருக்கும் மெஷின்கள் வைஃபையில் நேரடியாக இணைவது) மட்டுமே, நேராக இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து ஆட முடியாது. 2010-இல் ஜப்பானில் ரயில் நிலையத்திலும் காபிக் கடையிலும் பிஎஸ்பியோடு பசங்கள் கூடினார்கள், அங்கே இது பொருந்தியது. எங்கள் தெருவில் பிஎஸ்பி வைத்திருந்தவனைத் தேடிப் பிடிப்பதே பெரிய காரியம். தம்பி இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். பிஎஸ்பியை யாருக்கோ கொடுத்துவிட்டான்.

ஐந்தாம் அத்தியாயத்தைப் பற்றியும் கோபம் இருக்கிறது. கதை ஓர் அழகான இடத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு உண்மையான முடிவைப் பார்க்க வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு மெட்டல் கியரை, அதாவது நடக்கும் ராட்சதப் போர் இயந்திரத்தை, கட்ட வேண்டும். பாகங்களுக்காகப் பழைய இயந்திரங்களோடு திரும்பத் திரும்ப மோத வேண்டும். அதாவது அதே பட்டன் வேதனை, திரும்பவும். நடுவில் ஸடோர்நோவ் என்ற கைதி சிறையிலிருந்து தப்பிக்கொண்டே இருப்பான். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏற்கனவே பார்த்த இடத்துக்கே போய் மூலை மூலையாகத் தேட வேண்டும். அந்த முடிவு மனதை உலுக்கும் முடிவு, அதில் சந்தேகமில்லை. அதற்காக ஒரு மனிதனை ஏழு முறை தேட வைப்பது விளையாடுகிறவரின் நேரத்தை மதிக்காத செயல்.

இப்போது நண்பனுக்குச் சொன்ன பதில். வீட்டில் ஒரே பிஎஸ்பி, விளையாடப் போவது நீ ஒருத்தன் என்றால் இதற்காக மெஷின் வாங்காதே. 2011-இல் பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் வந்த ஹெச்டி பதிப்பில் வலது ஸ்டிக் இருக்கிறது, ஆன்லைனில் சேர்ந்தும் ஆடலாம். அது கிடைத்தால் அதை ஆடு. டிஜிட்டலாக வாங்கியவர்கள் வீட்டாவில் (பிஎஸ்பிக்கு அடுத்து வந்த சோனி கையடக்க மெஷின்) போட்டு, வலது ஸ்டிக்கை அந்த நான்கு பட்டனுக்கும் ஒதுக்கிக்கொள்ளலாம். அடியில் அது பட்டன்தான் என்பதால் நுணுக்கமான குறி அப்போதும் வராது, ஆனால் கட்டைவிரல் தப்பிக்கும். குறுக்காக நகர்த்துவதும் ஒரே தள்ளலில் வரும். அண்ணன் தம்பியோ அறைத் தோழனோ இன்னொரு பிஎஸ்பியோடு இருக்கிறான் என்றால் நான் சொன்னது எல்லாவற்றையும் மறந்துவிடு. இன்றைக்கே வாங்கு.

ஏற்கனவே மெஷினும் டிஸ்க்கும் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஷூட்டர் டைப்பில் ஆரம்பியுங்கள். எதிரி தூரத்தில் நின்றால் பட்டனோடு சண்டை போடாதீர்கள். குறியைத் தலை உயரத்துக்கு வைத்துவிட்டு, அனலாக்கால் நீங்கள் பக்கவாட்டில் ஓரடி நகருங்கள். குறியும் கூடவே நகரும். அனலாக் நுணுக்கமானது, பட்டன் அப்படியில்லை. தலையில் அடித்த என் மயக்க ஊசிகளில் பாதிக்கு மேல் இப்படி நகர்ந்து அடித்தவைதான். பழைய பேட்டரி என்றால் பின் மூடி நேராக உட்காருகிறதா என்று பாருங்கள். மூடி தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, அதை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். மெமரி ஸ்டிக்கில் இடம் இருந்தால் டேட்டா இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள், டிஸ்க் சுற்றும் சத்தமும் காத்திருப்பும் குறையும். கிரிசாலிஸிடம் தனியாகப் போவதாக இருந்தால் சப்ளை மார்க்கர் எடுக்காமல் போகாதீர்கள். ராக்கெட் தீர்ந்துவிட்டால் அதை வைத்துத்தான் பெட்டியை வரவழைக்க முடியும், நான்கு பட்டனால் குறி வைக்கும்போது ராக்கெட் கட்டாயம் தீரும்.