தமிழ் வழியில் படித்துவிட்டு என்.சி.இ.ஆர்.டி. உயிரியலில் ரிவிஷன்: பிளஸ் ஒன்னிலிருந்து நீட் வரை என் அனுபவம்

மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் புத்தகங்கள் இரண்டும், 11ஆம் வகுப்பு 12ஆம் வகுப்பு, பிளஸ் ஒன் படிக்கும்போதே என் கைக்கு வந்தன. ரிப்பீட்டர் வருடம் முடிந்து சீட் கிடைக்கும்வரை அவை என் மேசையை விட்டு நகரவில்லை. நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். "என்.சி.இ.ஆர்.டி. மட்டும் போதும், லைன் பை லைன் படி" என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுவிட்டு, முதல் பக்க ஆங்கிலத்திலேயே திணறி நிற்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரிவிஷனுக்கு இதைவிட நல்ல புத்தகம் இல்லை, ஆனால் ஒரு பாடத்தை முதல்முறை புரிந்துகொள்ள நம் ஸ்டேட் போர்டு புத்தகம்தான் சரி. இரண்டும் வேண்டும், இந்த வரிசையில் வேண்டும்.

நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண்ணில் உயிரியல் மட்டும் 360. 90 கேள்வி, சரியாக எழுதினால் 4, தப்பானால் ஒன்று போய்விடும். இயற்பியலில் கணக்குப் போட நேரம் வேண்டுமென்றால் அந்த நேரத்தை உயிரியலில்தான் மிச்சப்படுத்த முடியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டி போடும் நம்மில் பலருக்கும் கைகொடுப்பது இந்தப் பாடம்தான். 2021 முதல் 2024 வரை இருந்த சாய்ஸ் கேள்விகளும் 2025இல் போய்விட்டன, 180 நிமிடத்தில் 180 கேள்விக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்துக்கு வருவோம். இதில் விளக்கம் குறைவு, தகவல் அதிகம். ஒரு பத்தியில் நான்கு வரி இருந்தால் நான்கும் கேள்வியாக வரக்கூடியவை. சிறுநீரகப் பாடத்தில் ஹென்லே வளைவில் என்ன நடக்கிறது என்பதை இதில் மட்டும் படித்தால் தலை சுற்றும், அதையே ஸ்டேட் போர்டின் உயிரி-விலங்கியல் புத்தகத்தில் தமிழில் நிதானமாகப் படித்துவிட்டு இங்கே வந்தால் ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும், ஆங்கிலப் பெயரும் கூடவே ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெயர்கள் முக்கியம். தமிழைத் தேர்வு செய்தாலும் வினாத்தாளில் ஆங்கிலமும் இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் செல்லும். அதனால் ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதி வைத்துக்கொண்டேன்.

என்னைப் பொறுத்தவரை ரிவிஷன் என்றால் திரும்பப் படிப்பது இல்லை, மூடிவைத்து எழுதிப் பார்ப்பது. சுவாசப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் காற்றின் அளவுகள் நான்கு: டைடல் வால்யூம் 500 மி.லி., இன்ஸ்பிரேட்டரி ரிசர்வ் 2500 முதல் 3000, எக்ஸ்பிரேட்டரி ரிசர்வ் 1000 முதல் 1100, ரெசிடுவல் 1100 முதல் 1200. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் இந்த நான்கையும் எழுத வேண்டும், அப்புறம் அவற்றைக் கூட்டி வைட்டல் கெப்பாசிட்டி, ஃபங்ஷனல் ரெசிடுவல் கெப்பாசிட்டி இரண்டையும் நாமே கண்டுபிடிக்க வேண்டும். பின்னது கடைசி இரண்டின் கூட்டல், 2100 முதல் 2300 வரும், எதையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 6000 முதல் 8000 மி.லி. காற்று என்று ஒரு வரி இருக்கும், அதுவும் 12 முதல் 16 முறை மூச்சு, பெருக்கல் 500, அவ்வளவுதான். இதயப் பாடத்திலும் இதே மாதிரி ஒரு துடிப்புக்கு 70 மி.லி. ரத்தம், பெருக்கல் நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஏறக்குறைய 5 லிட்டர். எண்களுக்குள் உள்ள இந்தத் தொடர்பு பிடிபட்டால் தேர்வறையில் பதற்றத்தில் மறந்தாலும் திரும்ப வரவழைத்துவிடலாம்.

தொடர்பே இல்லாத எண்களும் உண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் ஃபை எக்ஸ் 174க்கு 5386 நியூக்ளியோடைடு, லாம்டா ஃபேஜுக்கு 48502 பேஸ் பேர், மனிதனின் முதல் குரோமோசோமில் 2968 ஜீன், ஒய் குரோமோசோமில் 231. இவற்றைச் சுவரில் ஒட்டி வைத்துத் தினமும் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படங்களுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். முக்கியமான படங்களை ஜெராக்ஸ் எடுத்து, பாகங்களின் பெயர்களை ஒயிட்னர் வைத்து அழித்து, அதையே மறுபடி சில பிரதி எடுத்துக்கொண்டேன். தாவரக் கருப்பை (எம்பிரியோ சாக்) படத்தில் எக் செல் எந்தப் பக்கம், ஆன்டிபோடல் மூன்றும் எந்தப் பக்கம், ஃபிலிஃபார்ம் அப்பாரட்டஸ் எதில் இருக்கிறது என்று கையால் எழுதியவர்களுக்கு, "ஏழு செல், எட்டு நியூக்ளியஸ்" என்ற வரி எப்படி வருகிறது என்பதும் விளங்கிவிடும். ஹைலைட்டரை நான் நம்புவதில்லை, பக்கம் முழுக்க மஞ்சளான புத்தகத்தில் எதுவும் கண்ணில் படாது.

எல்லாப் பாடமும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மனித உடலியல் ஒருமுறை புரிந்தால் மாதக்கணக்கில் இருக்கும். தாவர உலகம், விலங்கு உலகம் இரண்டும் அப்படி இல்லை, உதாரணப் பெயர்கள் சில வாரத்திலேயே கலங்க ஆரம்பிக்கும், அதனால் அடிக்கடி தொட வேண்டும். மரபியலைப் படித்துப் பயனில்லை, கணக்குப் போட வேண்டும். சூழலியல் புத்தகத்தின் கடைசியில் இருப்பதால் பலரும் தள்ளிப்போடுகிறார்கள், அது எனக்கு ரொம்ப வருத்தம். அத்தி மரமும் குளவியும், மாமரத்தில் ஆர்கிட், ஆடுகளைக் கொண்டுவந்து விட்டதால் கலாபகஸ் தீவில் அழிந்துபோன ஆமை என்று கதை மாதிரி போகும், படித்தால் மதிப்பெண் கைமேல்.

அக்கா அண்ணனிடமிருந்து பழைய புத்தகம் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழையதில் 11ஆம் வகுப்புக்கு 22 பாடம், 12க்கு 16. பாடக்குறைப்புக்குப் பிறகு 19, 13. செரிமானம், கனிம ஊட்டம், தாவரங்களில் கடத்துதல் எல்லாம் 2024 முதல் நீட் பாடத்திட்டத்திலும் இல்லை. ஆனால் மால்வேசி, குரூசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிடே, கிராமினே என்ற ஐந்து தாவரக் குடும்பங்கள் பாடத்திட்டத்தில் சேர்ந்திருக்கின்றன, குறைத்த புத்தகத்தில் சொலானேசி மட்டும்தான் உண்டு. எனவே பாடத்திட்டத்தை ஒரு தாளில் அச்செடுத்துப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். பாடத்திட்டம் மாறக்கூடியது, நீங்கள் எழுதும் ஆண்டுக்கானதைப் பார்த்து அச்செடுங்கள்.

காசு ஒரு தடை இல்லை. என்.சி.இ.ஆர்.டி. இணையதளத்தில் பி.டி.எஃப். இலவசம், அரசுப் பள்ளியில் ஸ்டேட் போர்டு புத்தகமும் இலவசம். இருந்தாலும் போனில் படிப்பதைவிட அச்சுப் புத்தகம் வாங்குவது நல்லது, கடைசி வாரத்தில் ஓரத்துப் பென்சில் குறிப்புகளை மட்டும் புரட்டியே ஒரு பாடத்தை முடித்துவிடலாம்.