ஸ்னைப்-ஐடி: எது யாரிடம் என்று சொல்லும், தேய்மானக் கணக்கை நம்ப வேண்டாம்

காரோ 2020 (ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் அரசு உத்தரவு) பொருந்தும் கம்பெனி என்றால், சொத்துகளின் எண்ணிக்கையும் இருக்குமிடமும் முறையாகப் பதிவாகியிருக்கிறதா, நிர்வாகம் அவ்வப்போது நேரில் சரிபார்த்ததா என்று ஆடிட்டர் அறிக்கையில் எழுதியாக வேண்டும். இந்த வேலைக்கு எக்செல் ஷீட்டைவிட ஸ்னைப்-ஐடி என்ற சொத்துப் பதிவேட்டு மென்பொருள் பல மடங்கு மேல். ஓப்பன் சோர்ஸ், சொந்த சர்வரில் நிறுவினால் லைசென்ஸ் கட்டணம் கிடையாது. லினக்ஸ் தெரிந்த ஓர் ஆள் மட்டும் வேண்டும்.

பொருளை ஆளுக்கோ, இடத்துக்கோ, இன்னொரு பொருளுக்கோ செக்-அவுட் செய்யலாம், அதாவது அதன் பேரில் ஒப்படைத்ததாகப் பதியலாம். மூன்றாவதுதான் அருமை. மானிட்டரை சிபியு பேரில் போட்டுவிட்டால், சிபியு யாரிடம் போனாலும் மானிட்டரின் இடமும் கூடவே மாறும். வகை பிரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டோனர் மாதிரி கொடுத்தால் திரும்பாதவை கன்ஸ்யூமபிள். ஹெட்செட், மவுஸ் ஆக்சஸரி. ஹெட்செட்டை கன்ஸ்யூமபிளில் போட்டால், ஆள் வேலையை விட்டுப் போகும்போது திரும்ப வாங்கிப் பதிய பட்டனே இருக்காது.

பழைய பட்டியலை சிஎஸ்வி வழியாக ஏற்றும்போது எக்செலிடம் கவனம். நீண்ட எண்களாக உள்ள சீரியல் நம்பரை அது 1.23E+14 என்று சுருக்கிவிடும், முன்னால் உள்ள பூஜ்யங்களையும் தின்றுவிடும். அந்த நெடுவரிசையை முதலிலேயே டெக்ஸ்ட்டாக மாற்றிவிட்டு எண்களை ஒட்டுங்கள். தேதி 2024-04-01 வடிவில் இருக்கட்டும். "டெல்", "டெல் இந்தியா" என்று இரண்டு விதமாக எழுதியிருந்தால் இரண்டு தயாரிப்பாளர்கள் உருவாகிவிடுவார்கள். பிறகு பிரித்துச் சேர்ப்பது தலைவலி.

க்யூஆர் லேபிளை மென்பொருளே தயாரித்துத் தரும். சாதா பேப்பர் ஸ்டிக்கர் யுபிஎஸ் சூட்டில் உரிந்துவிடும். பாலியெஸ்டர் லேபிளில் ரெசின் ரிப்பன் (சூடு தாங்கும் மை நாடா) கொண்டு அச்சிடுங்கள். கழற்றி மாட்டும் பேட்டரியிலோ அடாப்டரிலோ ஒட்டாதீர்கள்.

ஆடிட் பக்கத்தில் டேக்கை ஸ்கேன் செய்து இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, சொத்தின் இடத்தைப் புதுப்பிக்கும் பெட்டியை டிக் செய்யாவிட்டால் புதிய இடம் ஆடிட் லாகில் மட்டும் பதியும், பதிவேடு பழையபடியே நிற்கும். ஏற்கெனவே ஒருவர் பேரில் இருக்கும் பொருளுக்கு டிக் செய்தாலும் அவருடைய இடம் மாறாது. கோடவுனையே சுற்றி முடித்த பிறகும் ரிப்போர்ட் தப்பாக வருகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தேய்மானம் இதன் பலவீனம். அடிப்படையில் மாதக் கணக்கில் நேர்கோட்டு முறைதான், அதாவது ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு கழியும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் இரண்டாம் அட்டவணைப்படி லேப்டாப்புக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6, நாற்காலி மேசைக்கு 10 என்று மாதமாக்கி வைத்துக்கொள்ளலாம். வருமான வரிக்கு கம்ப்யூட்டர் பிளாக்கில் (ஒரே விகிதத்தில் கழியும் சொத்துகளின் தொகுப்பு) 40 சதவீதம் குறைந்துவரும் மதிப்பு முறை. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அந்த ஆண்டு பாதிதான். இதையெல்லாம் டாலி கணக்கு மென்பொருளிலேயே விட்டுவிட்டு, இங்கே ஒரு கஸ்டம் ஃபீல்டு திறந்து டாலி வவுச்சர் எண்ணை எழுதுங்கள். ஆடிட்டருக்கு அந்த இணைப்பு போதும்.

விற்றதையும் உடைந்ததையும் டிலீட் செய்யாமல் ஆர்க்கைவ் நிலைக்கு மாற்றுங்கள். பேக்கப் எடுக்கும்போது .என்வி என்ற அமைப்பு ஃபைலில் உள்ள ஆப் கீயை (என்கிரிப்ஷன் சாவி) தனியாகப் பத்திரப்படுத்துங்கள். அது தொலைந்தால், என்கிரிப்ட் செய்த ஃபீல்டுகளை டேட்டாபேஸ் முழுதாகக் கையில் இருந்தாலும் படிக்க முடியாது.