வளர்ப்புப் பராமரிப்பா, தத்தெடுப்பா?

கொழும்பில் ஒரு பிள்ளைக்கு வீடு கொடுக்க நினைக்கும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில் குழம்புகிறார்கள்.

நீதிமன்றம்: தத்தெடுப்பு, 1941ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில். பராமரிப்புக்கு ஒப்படைப்பது நீதவான் நீதிமன்றம்.

வயது: தத்தெடுப்பவர் 25 வயதைத் தாண்டியவராக, பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும், உறவினருக்குச் சலுகை உண்டு. 10 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் சம்மதமும் கேட்பார்கள். நல்ல ஏற்பாடு.

உறவு: தத்தெடுத்தால் சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்பில் அப்படியல்ல. பெற்ற தாய் பார்க்க வந்தால் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுக்கும் மனம் வேண்டும். அவள் நிலைமை சீரானால் பிள்ளை அவளிடமே திரும்பிப் போகலாம். அதைத் தாங்க முடியாதென்றால் தயவுசெய்து இந்த வழி வேண்டாம், பிள்ளைதான் உடைந்துபோகும்.

பிள்ளையில்லாத தம்பதிக்குத் தத்தெடுப்பு சரி. அக்கா நோயில் விழுந்து அவள் பிள்ளை தனித்து நின்றால், வளர்ப்பே போதும்.