டெபியனில் பாட்மன்: டர்பனிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலுள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடும் வகுப்புச் சேர்க்கைப் படிவமும், லினக்ஸ் இயக்குதளமான டெபியனின் 11-ஆம் பதிப்பு வெளியான 2021 முதல், சங்க அலுவலகத்துச் சிறிய சர்வர் ஒன்றில் பாட்மன் என்ற கருவியின் கொள்கலன்களாக (நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் உறைகளாக) இயங்கி வருகின்றன. இதே வேலையைச் செய்யும் டாக்கர் கருவியின் பின்னணிச் சேவை வழக்கமான அமைப்பில் ரூட் அதிகாரத்துடன், அதாவது கணினியின் முழு நிர்வாக அதிகாரத்துடன், ஓடுவதால், ‘டாக்கர்’ குழுவில் சேர்க்கப்படும் எவரும் நடைமுறையில் ரூட் ஆகிவிடுகிறார். தன்னார்வலர்கள் வந்துபோகும் இடத்துக்கு, அதுவும் தனிநபர் தகவல்களுக்கான போபியா சட்டம் நடப்பிலிருக்கும் நாட்டில், அது ஒத்துவராது.

பாட்மனில் அத்தகைய பின்னணிச் சேவை இல்லை. கொள்கலனுக்குள் உள்ள பயனர்களுக்காக, சாதாரணப் பயனர் ஒருவருக்கு 65,536 துணை அடையாள எண்கள் ஒதுக்கப்படுகின்றன. கொள்கலனுக்குள் ரூட்டாகத் தெரிபவர் வெளியே அந்தச் சாதாரணப் பயனர்தான். எங்கள் தரவுத்தளக் கோப்புறையில் இதை நேரில் காணலாம்: உள்ளே 999 என்ற எண்ணுடைய போஸ்ட்கிரெஸ் பயனரின் கோப்புகள், வெளியே 100998 என்ற, எந்தக் கணக்கின் பெயரும் இல்லாத எண்ணுக்கு உரியவையாக இருக்கின்றன. ஆகவே காப்புநகல் எடுக்கும் நிரலையும், அந்த எண்களுக்கான அணுகலைத் தரும் ‘பாட்மன் அன்ஷேர்’ வழியாகவே ஓட்ட வேண்டும். பழகும்வரை எரிச்சலாக இருக்கும். ஆனால் கொள்கலனிலிருந்து தப்பி வரும் நிரலுக்கும் இதே தடைதான்.

2022, 2023 ஆண்டுகளின் லோட் ஷெட்டிங் (சுழற்சி முறை மின்வெட்டு) காலம் வேறொரு குறையைக் காட்டியது. மின்சாரம் திரும்பியதும் கொள்கலன்களை எழுப்பிவிட இங்கே டாக்கரைப் போன்ற மேற்பார்வையாளர் இல்லை. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கான அலகுக் கோப்புகளை நாமே எழுதி, பயனர் கணக்குக்கு ‘லிங்கர்’ வசதியையும் இயக்கியிருக்க வேண்டும். இல்லையேல் யாராவது உள்நுழையும்வரை எதுவும் எழாது. இதை எளிதாக்கும் குவாட்லெட் பாட்மன் 4.4-இல் வந்தது, டெபியன் 12-இல் இருந்ததோ 4.3.1. டெபியன் 13-இன் 5.4 வரும்வரை நீளமான அலகுக் கோப்புகளோடுதான் காலம் தள்ளினோம்.

அப்படியிருந்தும் டெபியனுக்கு வெளியேயுள்ள மென்பொருள் களஞ்சியத்துக்கு மாறாததற்குக் காரணம் பாதுகாப்புத் திருத்தங்கள். 2024 ஜனவரி இறுதியில், கொள்கலனிலிருந்து வெளியேற வழிவிடும் பிழை, கொள்கலன்களைத் தொடங்கி இயக்கும் ரன்சி என்ற கருவியில் வெளிப்பட்டபோது, மூலத் திட்டம் 1.1.12-ஐ வெளியிட்டது, டெபியனோ 1.1.5 என்ற அடிப்படை எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பின்னோக்கிப் பொருத்தியது. பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கும் சோதனைக் கருவிகள் இத்தகைய பொதியைப் பழுதானதென்றே அறிவிக்கும்; பொதியின் மாற்றப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால்தான் உண்மை தெரியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: பாட்மன், ரன்சி போன்றவை கோ என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டு, நூலகங்களைத் தமக்குள்ளேயே அடக்கி நிலையாகப் பிணைக்கப்படுவதால், ஒரு நூலகத்தில் ஓட்டை அடைபட்டால் அதைச் சார்ந்த பொதிகள் அனைத்தையும் மறுபடி கட்டியாக வேண்டும், அவ்வளவு பெரிய மறுகட்டுமானத்துக்கு டெபியனின் பாதுகாப்புக் கட்டமைப்பு வசதியானதன்று.

டெபியன் தரும் இந்தப் பாதுகாப்பு பாட்மன் போன்ற கருவிகளுக்கு மட்டுமே; கொள்கலனுக்குள் இருக்கும் படிமத்தை (நிரலும் அதற்கான கோப்புகளும் அடங்கிய தொகுப்பை) அது தொடுவதில்லை. எனவே படிமங்களையும் டெபியன் அடித்தளத்திலிருந்து நாங்களே வாராவாரம் மறுபடி கட்டுகிறோம்.