சின்னப் பிள்ளைகளோடு குன்னூர் சிம்ஸ் பூங்கா: இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் தெரியும்

கோவைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் குழந்தைகளோடு வந்தால் எல்லாருக்கும் ஊட்டி தாவரவியல் பூங்காதான் முதலில் ஞாபகம் வரும், நான் குன்னூரிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லி சிம்ஸ் பூங்காவுக்குக் கூட்டிப்போய்விடுவேன். அது 22 ஹெக்டேர், இது 12. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். மேலும் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்கெனவே ஒருமுறை வாந்தி எடுத்த குழந்தையை, சீசன் நெரிசலில் இன்னும் ஊட்டி வரைக்கும் உட்காரவைத்துக் கொண்டுபோவது பாவம்.

1874-இல் தொடங்கிய பூங்கா இது. ஜே.டி. சிம் என்பவர் பெயர் அதற்கு. மலையில் இயற்கையாக இருந்த பள்ளத்தை நிரவாமல் அப்படியே விட்டு மரம் வைத்திருக்கிறார்கள், அதனால் சமதரை குறைவு, சரிவும் படிகளும்தான் அதிகம். தள்ளுவண்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைகள் கீழே இருக்கிற குளத்தைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள், இறங்கும்போது யாருக்கும் கால் வலிக்காது. திரும்பி மேலே வரும்போது “தூக்கு” என்று ஆரம்பிக்கும் பாருங்கள், அங்கேதான் அப்பாக்களின் உண்மையான நிலவரம் வெளியே வரும். எனவே குளத்தடியில் பிள்ளை சோர்ந்து போகிறவரை இருக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் தெம்பு இருக்கும்போதே ஏற ஆரம்பித்து, நடுவில் புல்தரையில் உட்கார்ந்து எதையாவது தின்னக் கொடுத்து மேலே வந்துவிடுங்கள்.

குளத்தில் படகு இருக்கிறது. மூன்று வயதுக் காலுக்கு மிதி எட்டாது, மிதிக்கப்போவது நீங்கள்தான். ஊஞ்சல், சறுக்கு எல்லாம் உண்டு, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எந்த ஊர்ப் பூங்காவிலும் இருக்கிறதுதான்.

என்னைக் கேட்டால் இங்கே குழந்தைகளுக்கு மரங்கள்தான் விளையாட்டுச் சாமான். ருத்ராட்ச மரம் இருக்கிறது, அதன் பழம் நல்ல நீலமாக இருக்கும், கீழே விழுந்து கிடந்தால் சதையை உரித்துக் காட்டுங்கள், தாத்தா கழுத்தில் பார்த்த கொட்டை உள்ளேயிருந்து வருவதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். யானைக்கால் மரத்தின் அடியைத் தொட்டுப் பார்க்கவிட்டால் அங்கேயே கொஞ்ச நேரம் போய்விடும். அப்புறம் காகித மரம், ஆள் உயரத்துக்கும் மேலே குடை விரித்த மாதிரி நிற்கிற மரப் பெரணிகள். பெயர்ப்பலகையைப் படித்துப் பாடம் நடத்தாதீர்கள், ஓடிவிடுவார்கள்.

நீலகிரியில் எங்கே போனாலும் குரங்கு உண்டு. தின்பண்டத்தைப் பையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு போட்டோ எடுக்க நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வாசலுக்கு எதிரே இருப்பது 1907-இல் வந்த பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் பெயர்போனது. அது எதிரில் இருக்கிறதே என்று தைரியமாகக் குரங்குக்கு பிஸ்கட் நீட்டினார் எங்கள் மாமா ஒருவர், அவரைப் பின்பற்ற வேண்டாம். தண்ணீர் வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் கொண்டுவாருங்கள், மாவட்டத்துக்குள் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. வெளி மாவட்ட வண்டி என்றால் இ-பாஸ் எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, இன்னும் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு போனில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மழை விஷயத்தில் ஊட்டிக் கணக்கை இங்கே போடாதீர்கள். குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பலம், அக்டோபர், நவம்பரில் படிகள் ஈரமாக வழுக்கும், செருப்பு போட்ட குழந்தை நிச்சயம் விழும், ஷூ போட்டுவிடுங்கள். வெயில் அடித்தாலும் ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

மே மாதத்தில் பழக்கண்காட்சி நடக்கும். பழங்களை அடுக்கிப் பெரிய பெரிய உருவங்கள் செய்வார்கள், பார்க்க வேண்டியதுதான், ஆனால் இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று வருகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் சரிப்படாது. வேலை நாளில் காலையில் வாருங்கள். கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றுவதற்குப் பதில் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற பஸ்ஸில் ஏறினால் பூங்கா அருகிலேயே இறங்கிவிடலாம், பிள்ளைகளுக்கும் ஜன்னல் சீட் கிடைத்த சந்தோஷம்.